ஷேக்ஸ்பியர் எழுதிய சொல் ஏன் நிலைக்கவில்லை?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் முதுகலை ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். ஷேக்ஸ்பியரின் 'கொரியோலேனஸ்' நாடகத்தில் களைப்புற்ற நிலையைக் குறிக்க 'ஃபட்டிகேட்' என்றொரு சொல் வருகிறது. அகராதியில் தேடினால் 'வழக்கொழிந்தது' என்ற குறிப்பைக் காண்கிறேன். அதே வேரிலிருந்து, அதே பொருளில் வந்த 'ஃபட்டீக்' என்ற சொல்லை இன்று எல்லோரும் பயன்படுத்துகிறோம். ஒன்று வாழ்ந்து மற்றொன்று மறைந்ததற்குக் காரணம் உண்டா? ஷேக்ஸ்பியரே எடுத்தாண்ட சொல் எப்படி மறைய முடியும்?
— கல்லூரி மாணவி, தல்லாகுளம், மதுரை

பதில்: அந்தச் சொல் நிற்கும் இடத்தை முதலில் பார்ப்போம். நாடகத்தின் இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சியில், கொரியோலி நகரத்தின் வாயிலுக்குள் தனியாளாகப் புகுந்து போரிட்ட வீரனைப் பற்றித் தளபதி கொமினியஸ் உரோமானியப் பெரியோர் முன்னிலையில் பேசுகிறார். ஒரு போர் முடிந்த கையோடு மற்றொரு போரின் ஆரவாரம் அவ்வீரனின் காதில் விழ, இருமடங்காகப் பெருகிய அவனது ஊக்கம், உடலில் களைத்துக் கிடந்ததை மீண்டும் உயிர்ப்பித்தது என்றும், அவன் அந்தப் போருக்கும் சென்றான் என்றும் அவர் சொல்கிறார். 'களைத்துக் கிடந்தது' என்று நான் எழுதிய இடத்தில்தான் மூலத்தில் 'ஃபட்டிகேட்' இருக்கிறது. உயிர்ப்பித்தலைக் குறிக்கும் 'குவிக்கன்', உடலைக் குறிக்கும் 'ஃபிளெஷ்' ஆகிய இரண்டும் ஆங்கிலத்தின் பழைய நாட்டுச் சொற்கள். அவற்றைத் தொடர்ந்து அடியின் இறுதியில் இந்த லத்தீன் சொல் வந்து நிற்கிறது. பத்து அசை கொண்ட அந்த அடிக்கு, முதல் அசையிலும் மூன்றாம் அசையிலும் அழுத்தம் விழக்கூடிய மூன்றசைச் சொல் ஒன்று தேவைப்பட்டது. இரண்டே அசையுள்ள 'ஃபட்டீக்' அங்கே நின்றிருந்தால் அடி குறைபட்டிருக்கும். கவிஞரின் செவி அங்கே மிகச் சரியாக வேலை செய்திருக்கிறது.

இனி அதன் பிறப்பு. லத்தீனில் 'ஃபதிகாரே' என்றால் களைப்படையச் செய்தல். அந்த வினையிலிருந்து பிறந்த 'ஃபதிகாதுஸ்' என்னும் எச்ச வடிவத்துக்குக் களைப்படைந்த என்பது பொருள். 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலத்தில் எழுதிய கல்விமான்கள் இத்தகைய எச்ச வடிவங்களின் ஈற்றை மட்டும் நீக்கிவிட்டு, அவற்றைப் பெயரடைகளாக அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 'ஃபார்ச்சுனேட்', 'டெசொலேட்' போன்றவை அவ்வாறு வந்து இன்றளவும் பெயரடைகளாகவே நிற்கின்றன. வேறு பல, பெயரடையாக நுழைந்து பின்னர் வினைச்சொல்லாகிவிட்டன. நாம் இன்று வினையாக மட்டுமே அறிந்த 'கிரியேட்' என்பதைப் 'படைக்கப்பட்ட' என்னும் பொருளில் ஷேக்ஸ்பியரே வேறொரு நாடகத்தில் கையாண்டிருக்கிறார். 'ஃபட்டிகேட்' இந்த இரண்டு நிலைகளையும் கண்ட சொல். கொரியோலேனஸில் அது பெயரடை. அக்கால உரைநடையில் களைக்கச் செய்தல் என்னும் வினையாகவும் அதைக் காணலாம். ஆகவே அது அரைகுறையாகப் பிறந்த சொல் என்று யாரும் சொல்ல முடியாது. 'கிரியேட்', 'செப்பரேட்' ஆகியவற்றுக்கு எந்த இலக்கண நியாயம் உண்டோ அதே நியாயம் இதற்கும் உண்டு.

அது மறைந்ததற்குக் காரணம் போட்டி. லத்தீனின் அதே 'ஃபதிகாரே' பிரெஞ்சு மொழியில் வேறு வடிவம் பெற்று 'ஃபதிகே' என்று வழங்கிவந்தது. 1660-இல் இரண்டாம் சார்லஸ், பிரான்சிலும் பிற நாடுகளிலுமாகக் கழிந்த தம் நாடுகடந்த வாழ்வை முடித்துக்கொண்டு இங்கிலாந்தின் அரியணை ஏறியபோது, அரசவையோடு சேர்ந்து பிரெஞ்சுப் பழக்கங்களும் பிரெஞ்சுச் சொற்களும் மதிப்புப் பெற்றன. 'ஃபட்டீக்' ஆங்கிலத்தில் வேரூன்றியது 17-ஆம் நூற்றாண்டின் அந்தப் பிற்பகுதியில்தான். பெயர்ச்சொல்லாகவும் வினைச்சொல்லாகவும் ஒரே வடிவில் வழங்கக்கூடிய சொல் அது; போர்வீரர்கள் செய்யும் உடலுழைப்புப் பணிக்கும் அதுவே பெயராயிற்று. மறுபக்கம், அன்றாடப் பேச்சுக்கு 'டயர்', 'வியரி' என்னும் நாட்டுச் சொற்கள் முன்பே இருந்தன. பேச்சு மொழியை நாட்டுச் சொற்களும் நாகரிக மொழியைப் பிரெஞ்சு வடிவமும் எடுத்துக்கொண்ட பிறகு, ஏட்டு மொழியில் மட்டும் வாழ்ந்த 'ஃபட்டிகேட்' சொல்லுக்கென்று தனி வேலை எதுவும் மிஞ்சவில்லை.

ஒரே வேரிலிருந்து இரண்டு சொற்கள் வந்தால் ஒன்று கட்டாயம் அழியும் என்று இதைக்கொண்டு முடிவு செய்துவிடக் கூடாது. கூரியர் பெட்டிகளின் மேல் ஒட்டியிருக்கும் 'ஃபிரஜைல்' என்ற சொல்லும், முதுமையால் மெலிந்தவரைக் குறிக்கும் 'ஃபிரெயில்' என்ற சொல்லும் ஒரே லத்தீன் சொல்லின் பிள்ளைகள். ஒன்று நேராக வந்தது, மற்றொன்று பிரெஞ்சு வழியாக வந்தது. உடையக்கூடிய பொருள் ஒன்றுக்கும், நலிந்த உடல் மற்றொன்றுக்கும் என்று பொருள் பிரிந்ததால் இரண்டும் பிழைத்தன. நம்மிடமும் இது உண்டு. வடமொழியின் ஒரே சொல் பாகதத்தின் வழியே 'சிங்கம்' என்றும், நேரே 'சிம்மம்' என்றும் தமிழுக்குள் வந்தது. காட்டில் திரிவது சிங்கமாகவும், ராசிக் கட்டத்தில் இருப்பது சிம்மமாகவும் பங்கு பிரிந்துகொண்டதால் ஒன்றையொன்று அழிக்கவில்லை. 'ஃபட்டிகேட்' சொல்லுக்கு அப்படியொரு பங்கு கிடைத்திருந்தால், இன்று நீங்கள் இந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டீர்கள்.

அதன் குடும்பம் முழுவதும் அழிந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சோர்வறியாத என்னும் பொருளுடைய 'இன்டிஃபேட்டிகபிள்' அதே வேரைச் சேர்ந்தது. அது இன்றும் பாராட்டுரைகளில் தவறாமல் இடம்பெறுகிறது, பிரித்தானியக் கடற்படையின் சில கப்பல்களுக்கும் அது பெயராக இருந்திருக்கிறது. எதிர்மறை வடிவம் நிலைத்து, உடன்பாட்டு வடிவம் மறைந்தது மொழிகளில் அரிதான நிகழ்ச்சியன்று.

ஷேக்ஸ்பியரே எடுத்தாண்டும் ஏன் பிழைக்கவில்லை என்ற உங்கள் கேள்வி மிக நல்ல கேள்வி. கொரியோலேனஸ் முதன்முதலில் அச்சேறியது 1623-இல், அவர் இறந்து ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு. அதன் பிறகு அந்த அடியைப் படிக்காத ஆங்கிலக் கல்விமான் இருந்திருக்க மாட்டார். ஆனால் பெருங்கவிஞரால் ஒரு சொல்லை ஏட்டில் நிறுத்திவைக்க முடியுமே தவிர, பிறர் அதைத் தம் கடிதத்திலும் பேச்சிலும் எடுத்தாளும்படி செய்ய முடியாது. சங்கப் பாடல்களை நாம் எவ்வளவு போற்றுகிறோம்! அப்பாடல்களில் நாய்க்கு 'ஞமலி' என்றொரு பெயர் இருக்கிறது. அந்தச் சங்கத்தின் பெயரோடு சேர்த்தே பேசப்படும் இந்த மதுரையில், ஒத்தக்கடையிலோ திருப்பரங்குன்றத்திலோ நாயை யாரும் இன்று ஞமலி என்று அழைப்பதில்லை. பாடலுக்குரிய மதிப்பு சிறிதும் குறையவில்லை; சொல் மட்டும் பாடலுக்குள் தங்கிவிட்டது.

கேள்வி: பிறமொழிச் சொற்களை விலக்க வேண்டும் என்று தமிழில் ஓர் இயக்கமே நடந்தது. லத்தீன் சொற்கள் இப்படி வந்து குவிந்தபோது ஆங்கிலேயரில் எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லையா? 'ஃபட்டிகேட்' போன்ற சொற்கள் அந்த எதிர்ப்பினால்தான் மறைந்தனவா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருமங்கலம்

பதில்: எதிர்ப்பு கடுமையாகவே இருந்தது. அக்காலத்தில் மாட்டுக் கொம்பைக் குடைந்து அதில் மை ஊற்றி வைத்திருப்பார்கள். படிப்பைக் காட்டிக்கொள்வதற்காகவே எழுதப்படும் லத்தீன் சொற்களுக்கு 'மைக்கொம்புச் சொற்கள்' என்று எதிர்ப்பாளர்கள் பெயரிட்டார்கள். தாமஸ் வில்சன் 1553-இல் வெளியிட்ட சொற்கலை நூலில், இத்தகைய சொற்களாலேயே நிறைந்த ஒரு கடிதத்தை எடுத்துக்காட்டாகத் தந்திருக்கிறார். லிங்கன்ஷயரைச் சேர்ந்த ஒருவர், காலியாக இருந்த ஒரு தேவாலயப் பதவியைத் தமக்கு வாங்கித் தரும்படி செல்வாக்குள்ள ஒருவரை வேண்டுவதாக அமைந்தது அது. பெரிய என்பதற்கு 'இன்ஜென்ட்', உதவு என்பதற்கு 'அட்ஜுவேட்', ஒன்றுமில்லாமல் ஆக்கப்பட்ட என்பதற்கு 'அட்நிகிலேட்' என்று கடிதம் நெடுகிலும் லத்தீன் மயம். இவை மூன்றும் இன்று இல்லை.

நான் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புவது அதே கடிதத்தின் மறுபாதியை. 'செலிப்ரேட்', 'டெக்ஸ்டெரிட்டி', 'மண்டேன்', 'ஃபெர்டைல்', 'கெபாசிட்டி' ஆகியவையும் அதே கண்டனத்துக்காக அதே கடிதத்தில் அடுக்கப்பட்டவைதான். வைகை அணையின் கெபாசிட்டி எவ்வளவு என்று ஆண்டிபட்டித் தேநீர்க்கடையில் அமர்ந்து பேசுபவரின் வாயில் வரும் சொல், 1553-இல் ஓர் ஆங்கில அறிஞரால் படிப்பின் பகட்டு என்று கண்டிக்கப்பட்டது. ஒரே கண்டனத்துக்கு உள்ளான சொற்களில் சில மறைந்து, சில உலகெங்கும் பரவியிருப்பதால், கண்டனம் அவற்றின் ஆயுளைத் தீர்மானிக்கவில்லை என்பது தெளிவு. 1500 முதல் 1650 வரை ஆங்கிலத்துக்குள் வந்த புதுச்சொற்கள் 10,000-க்கும் மேல் என்றும், அவற்றில் ஏறத்தாழப் பாதியே நிலைத்தன என்றும் மொழி வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள்.

எதிர்ப்பாளர்களில் என் மதிப்புக்குரியவர் சர் ஜான் சீக். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அரசரால் நிறுவப்பட்ட கிரேக்கப் பேராசிரியர் பதவியில் 1540-இல் முதன்முதலில் அமர்ந்தவர். பின்னாளில் ஆறாம் எட்வர்டு மன்னரான இளவரசருக்கு ஆசிரியராக இருந்தவர். கிரேக்கமும் லத்தீனும் கரைகண்ட அவர்தான், 1557-இல் தம் நண்பர் தாமஸ் ஹோபிக்கு எழுதிய கடிதத்தில், நம் மொழி பிறமொழிக் கடனால் கலப்புறாமலும் சிதையாமலும் தூய்மையாக எழுதப்பட வேண்டும் என்றும், வாங்கிய கடனைத் திருப்பாமல் வாங்கிக்கொண்டே போனால் ஒருநாள் அது நொடித்துப் போகும் என்றும் கவலைப்பட்டார். மத்தேயு நற்செய்தியை அவர் மொழிபெயர்த்தபோது, நூற்றுவர் தலைவனுக்கு 'ஹண்ட்ரடர்', உயிர்த்தெழுதலுக்கு 'கெய்ன்ரைசிங்' என்று நாட்டுச் சொற்களைக்கொண்டே புதுச்சொற்கள் படைத்தார். ரால்ஃப் லீவர் என்பவர் 1573-இல் அளவை (தருக்க) நூல் ஒன்றை எழுதி, முடிவுரைக்கு 'எண்ட்சே', வரையறைக்கு 'சேவாட்' என்று ஆக்கினார். இந்தச் சொற்களைக் கற்க லத்தீன் தேவையில்லை. ஆங்கிலக் குழந்தைகூடப் பிரித்துப் பொருள் சொல்லிவிடும். அவ்வளவு தெளிவான ஆக்கங்கள் ஒன்றுகூட நிலைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம் தரும் செய்தி.

இங்கேதான் தமிழின் வரலாறு ஆங்கிலத்திலிருந்து விலகுகிறது. மதுரையை அடுத்த விளாச்சேரியில் 1870-இல் பிறந்த சூரியநாராயண சாஸ்திரியார், தம் பெயரின் ஒவ்வொரு பகுதியையும் தமிழாக்கிப் பரிதிமாற் கலைஞர் என்று புனைந்துகொண்டார். 1901-இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். அதன் 'செந்தமிழ்' இதழ் அடுத்த ஆண்டே வெளிவரத் தொடங்கியது. 1916-இல் வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். அக்கிராசனர் தலைவராகவும், காரியதரிசி செயலாளராகவும், அபேட்சகர் வேட்பாளராகவும், சர்வகலாசாலை பல்கலைக்கழகமாகவும் மாறியதை இன்று எழுபது, எண்பது வயதில் இருப்பவர்கள் தங்கள் வாழ்நாளிலேயே பார்த்திருக்கிறார்கள்.

சீக் தோற்ற இடத்தில் இவர்கள் வென்றதற்குக் காரணம் சொற்களின் அழகு என்று நான் நினைக்கவில்லை. சீக்கின் மொழிபெயர்ப்பு 1843 வரை அச்சேறவே இல்லை. அவர் காலத்துப் பள்ளிகள் லத்தீனைத்தான் கற்பித்தன. மருத்துவ நூல்களும் நீதிமன்றப் பதிவேடுகளும் பெரும்பாலும் லத்தீனில்தான் எழுதப்பட்டன. தமிழில் சங்கமும் இதழும் மேடையும் முதலில் வந்தன. நாளேடுகளும் பள்ளிப் பாடநூல்களும் பின்தொடர்ந்தன. 1956-இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தபின் அரசு அலுவலகக் கோப்புகளும் சேர்ந்துகொண்டன. புதிய சொல்லை நாள்தோறும் எழுதியாக வேண்டிய இடங்கள் இருந்தன. அவ்விடங்கள் இல்லாத சொற்களில் நம் முயற்சியும் பாதி வழியில் நிற்கிறது. மாட்டுத்தாவணியில் பலகையில் இருப்பது பேருந்து நிலையம். ஷேர் ஆட்டோவில் ஏறியவர் கேட்பது பஸ் ஸ்டாண்டு.

கேள்வி: ஒரு சொல் வழக்கொழிந்துவிட்டது என்று அகராதி எப்படி முடிவு செய்கிறது?
— வாசகர், உசிலம்பட்டி

பதில்: எழுத்துச் சான்றுகளைக்கொண்டு. ஒரு சொல் எந்தெந்த ஆண்டில் யாரால் எழுதப்பட்டது என்று தொகுத்துவரும்போது, ஒரு காலத்துக்குப் பிறகு சான்று எதுவும் கிடைக்காமற்போனால் அது வழக்கொழிந்ததாகக் கொள்ளப்படுகிறது. ஆக்ஸ்போர்டு பேரகராதி அத்தகைய சொல்லின் முன் சிறு குத்துவாள் வடிவக் குறியை இட்டது. ஆனால் சொல்லை நீக்குவதில்லை. பழைய சாயலுக்காக எப்போதாவது எடுத்தாளப்படும் சொற்களுக்கு இந்தக் குறி இல்லை, அவை தனி வகை. மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாண்ட்லரை முதல் பதிப்பாசிரியராகக்கொண்டு பணி தொடங்கப்பெற்று, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில், சொல் பயின்று வரும் நூலின் பெயர் பல இடங்களில் உடன் தரப்பட்டிருக்கும். அதைக்கொண்டு சொல்லின் காலத்தை நீங்களே ஓரளவு உய்த்துணரலாம்.

கேள்வி: என் பாட்டி செபம் சொல்லும்போது 'இஸ்பிரீத்து சாந்து' என்பார். நாங்கள் 'தூய ஆவி' என்கிறோம். பாட்டி சொல்வது லத்தீனா? லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்து மறைந்த சொற்கள் உண்டா?
— வாசகி, ஞானஒளிவுபுரம், மதுரை

பதில்: உங்கள் பாட்டி சொல்வது போர்ச்சுகீசியம், அதன் மூலம் லத்தீன். 1578-இல் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்னும் கிறித்தவ மறைக்கல்வி நூலின் காலத்திலிருந்தே கத்தோலிக்க மறையுரைகளில் போர்ச்சுகீசியச் சொற்கள் இடம்பெற்றன. அவற்றை மாற்ற முற்பட்டவர்களில் முதன்மையானவர், 1606-இல் மதுரைக்கு வந்து துறவுக்கோலம் பூண்ட இத்தாலியரான தத்துவ போதகர் என்னும் இராபர்ட் தெ நோபிலி. ஷேக்ஸ்பியர் கொரியோலேனஸ் எழுதியதும் ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான். லத்தீனை இங்கிலாந்தார் தம் மொழிக்குள் அள்ளிக்கொண்டிருந்த நேரத்தில், லத்தீனிலேயே இறையியல் கற்ற ஒருவர் மதுரையில் அமர்ந்து அதன் சாயலைத் தமிழிலிருந்து விலக்கிக்கொண்டிருந்தார் என்பது எண்ணி எண்ணி மகிழத்தக்கது.

வழிபாட்டைக் குறித்த 'மிஸ்ஸா' என்ற சொல் தமிழர் காதில் 'மீசை' என்றே விழுந்தது. அதற்கு ஈடாக அவர் 'பூசை' என்ற சொல்லைக் கொண்டுவந்தார். அந்தப் பூசையும் பிற்காலத்தில் திருப்பலிக்கு இடம்கொடுத்தது. நோபிலி எடுத்துக்கொண்ட சொற்கள் பெரும்பாலும் வடமொழிச் சார்பானவை. ஆகவே அவருக்குப் பின் வந்த தனித்தமிழ் நோக்கு அவற்றிலும் பலவற்றை மாற்றியது. பவுல் அடிகளைப் பழைய நூல்கள் 'சின்னப்பர்' என்று அழைத்ததற்குக் காரணம், 'பவுலுஸ்' என்ற லத்தீன் சொல்லுக்குச் சிறியவர் என்று பொருள் இருப்பதுதான். ஒலியைக் கடன் வாங்காமல் பொருளை மட்டும் எடுத்துக்கொண்ட அழகான ஆக்கம் அது. ஊர்ப்புறத்துக் குடும்பங்களில் சின்னப்பன் என்ற பெயராக இன்னும் வாழ்கிறது.

கோயிலுக்குள் மறைந்தாலும் வீட்டுக்குள் லத்தீன் உறுதியாகவே இருக்கிறது. உங்கள் வீட்டு மேசை, சாவி, அலமாரி ஆகிய மூன்றும் போர்ச்சுகீசியத்தின் வழியாக வந்த லத்தீன் வழித்தோன்றல்கள், பாதிரியாரும் அவ்வாறே. பூட்டைத் திறப்பதற்குத் திறவுகோல் என்ற பழைய சொல் இருந்தும் சாவி அதனிடமிருந்து அன்றாட வேலையைப் பறித்துக்கொண்டது. திறவுகோல் ஏட்டுக்குப் போய்விட்டது.

உங்கள் பாட்டியிடம் பழைய செபப் புத்தகம் இருந்தால், அதன் பதிப்பாண்டையும் அச்சகத்தின் பெயரையும் குறித்துவைத்துக்கொண்டு, அவர் சொல்லும் செபங்களை அவர் உச்சரிக்கும் முறைப்படியே ஒலிப்பதிவு செய்யுங்கள். அச்சில் 'இஸ்பிரீத்து' என்றிருப்பதை அவர் வேறு விதமாக உச்சரிக்கக்கூடும். சொல் வரலாற்றை எழுதுபவருக்கு அந்த வேறுபாடு மிகவும் பயன்படும்.